எந்த விதிக்கும் பொருந்தாதவர்

கம்ப்யூட்டர் என்றால் எண்களைக் கூட்டிக் கழிக்கிற யந்திரம் என்றுதான் எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அடையாறில் நாங்கள் ப்ராஜெக்ட் செய்யப் போன ஆய்வுக்கூடத்தில், செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகவேண்டிய ஒரு ஏ.சி. அறையில், எண்ணே இல்லாமல் கணக்குப் போடுகிற ஒரு ப்ரோக்ராமைப் பார்த்தேன். எக்ஸ் என்று அடித்தால் எக்ஸ் என்றே வைத்துக்கொள்ளும். அதன் மதிப்பு என்ன என்று கேட்காது. தெரியாததைத் தெரியாததாகவே கையில் பிடித்துக்கொண்டு மேலே போகும். தொண்ணூறுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், அதைப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று.

அதன் உயிர் மாற்று விதிகளில் இருந்தது. இடப்பக்கம் ஒரு வடிவம், நடுவில் ஓர் அம்பு, வலப்பக்கம் அதற்குப் பதிலாக வரவேண்டியது. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூட்டலாக எங்கே வந்தாலும் அங்கே ஒன்று என்று போடு, அவ்வளவுதான். இரண்டு பக்கத்துக்கு ஓடுகிற சமன்பாட்டின் மேல் அந்த விதியை விட்டால் எங்கெங்கோ நுழைந்து, பொருந்துகிற இடத்தையெல்லாம் விழுங்கி, அரை வரியாக்கித் தரும். இடப்பக்கத்தில் ஒரு பெயருக்குப் பின்னால் அடிக்கோடு போட்டுவிட்டால் ‘இங்கே யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று அர்த்தம். ஒரு சின்னக் கோடு, அதற்குள் உலகமே அடங்கும்.

ப்ரொபசர் கொடுத்த வேலையை மத்தியானத்துக்குள் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் உறவுமுறைகளை அதில் ஏற்ற ஆரம்பித்தேன். ஒருவரின் அப்பாவின் தம்பி, அம்பு, அவருடைய சித்தப்பா. அம்மாவின் அண்ணன், அம்பு, மாமா. மாமாவின் பெண்ணின் புருஷன், அம்பு, அண்ணன் முறை. நம் உறவுகள் இதற்கென்றே செய்தவை போல இருந்தன. எவ்வளவு நீளமான சங்கிலியைக் கொடுத்தாலும் மாற்றி மாற்றிக் கடைசியில் ஒரே சொல்லில் கொண்டுவந்து நிறுத்தும்.

என்னோடு ப்ராஜெக்ட் செய்தவன் ஊரூர் குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவான். அவன் வீட்டில் எல்லாருக்கும் கடல்தான் பிழைப்பு, இவன் ஒருவன்தான் கணக்குப் பக்கம் ஒதுங்கியவன். என் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான்.

“இன்னா மச்சி, கணக்குப் போடச் சொன்னா கல்யாணப் பத்திரிகை அடிச்சிக்கினு கீறே.”

“உங்க வீட்டு ஆள் யாரையாவது சொல்லு.”

“எங்க அம்மாவோட அண்ணன் பொண்ணோட வூட்டுக்காரரு.”

அடித்தேன். அண்ணன் என்று பதில் வந்தது. அவன் தலையாட்டினான். “கரெக்டுதான். ஆனா அந்தாளு எங்க வூட்டாண்ட பேசறதே இல்ல. அதுக்கும் ஒரு ரூல் போட்டுக்கோ.” பிறகு, “சரி, உங்க வூட்டப் போடு பாக்கலாம்” என்றான்.

போட்டேன். வேகத்தில் இன்னும் ஒரு படி மேலே போனேன். வீட்டில் யார் யாருக்கு எந்த நாளில் என்ன செய்யவேண்டும், யார் பூ வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தாம்பூலம் என்பதற்கெல்லாம் விதி எழுதினேன். கணவர் உயிரோடு இருக்கிறார் என்பது உண்மையானால் சுமங்கலி. பொய்யானால் இன்னொரு சொல். அந்தச் சொல்லை அடிக்க விரல் வரவில்லை, அதன் இடத்தில் இரண்டு என்று போட்டேன். பிறகு அம்மாவைக் கொடுத்தேன்.

திரையில் என் கேள்வியே திரும்பி வந்து நின்றது. அப்பா உயிரோடு இருக்கிறார் என்பது உண்மையானால் சுமங்கலி, பொய்யானால் இரண்டு. ஓர் எழுத்து மாறவில்லை. பிழை என்று ஒரு வரி வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் அதுவரை பழகிய மற்ற கம்ப்யூட்டர் பாஷைகளில் ஆம், இல்லை, இரண்டே வாசல்தான். இது அப்படி இல்லை. ஆம் என்று தெரியாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளாது. கேள்வியை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

“இன்னா, தொங்கிடுச்சா?”

“இல்லடா. இதான் பதில்.”

அவனுக்கு விஷயம் தெரியும். “வா, டீ அடிச்சிட்டு வரலாம்” என்றான்.

என் அப்பா ஒரு சனிக்கிழமை காலையில், மூக்குக்கண்ணாடியின் காது வளைவு ஒடிந்துவிட்டதென்று அதைச் சரிசெய்ய பாண்டி பஜாருக்குப் போனார். மந்தைவெளியில் பஸ் ஏறினதைப் பார்த்தவர்கள் உண்டு. தி. நகரில் இறங்கினதைப் பார்த்தவர் யாரும் இல்லை. கண்ணாடிக் கடைக்காரர் அப்படி ஒருத்தர் வரவே இல்லை என்றார். கடன் இல்லை, சண்டை இல்லை, வியாதி இல்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, பேப்பரில் விளம்பரம் கொடுத்தார். நடுத்தர வயது, மாநிறம், முன்தலை வழுக்கை, வெள்ளை அரைக்கைச் சட்டை. அந்த விளம்பரத்தை மனசில் வைத்துக்கொண்டு ரங்கநாதன் தெருவில் நின்றால் கண் வலிக்கும் வரை அப்பாக்கள் போய்க்கொண்டிருப்பார்கள். நான் அப்படி நின்றிருக்கிறேன். பஸ்ஸில் முன் சீட்டுப் பிடரிகளைப் பார்த்துக்கொண்டு இறங்கவேண்டிய இடத்தை விட்டிருக்கிறேன். ஒருமுறை கிண்டியில் ஒருவருக்குப் பின்னால் ஸ்டேஷனிலிருந்து ரேஸ் கோர்ஸ் கேட் வரை போனேன். அவர் திரும்பி, “என்ன தம்பி, வழி தெரியலையா?” என்றார். குரல் கூடக் கிட்டத்தட்ட அப்பா மாதிரியே இருந்தது. முகம் மட்டும் வேறு யாருடையதோ.

ஆய்வுக்கூடத்தில்தான் இதன் இன்னொரு பக்கம் எனக்கு உறைத்தது. அந்த ப்ரோக்ராமில் அம்பு இரண்டு வகை. ஒன்றில், வலப்பக்கத்தை விதி எழுதுகிற அந்த நொடியிலேயே கணக்கிட்டு முடித்துவிடும். மற்றதில், விதியைப் பயன்படுத்துகிற நேரம் வரும்வரை காத்திருந்து, அன்றைய நிலவரத்தை எடுத்துக்கொள்ளும். இதைப் படித்தபோது நான் எந்த அம்பைப் போட்டு அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. என் அப்பா நாற்பதுகளிலேயே நின்றுவிட்டார். நிஜத்தில் அவருக்கு அறுபது நெருங்கியிருக்கும், மீதித் தலையும் நரைத்திருக்கும், சட்டை மாறியிருக்கும். எத்தனை பேரைத் தாண்டிப் போயிருப்பேன், வயசானவர் என்று சீட்டுக்கூட விட்டுக்கொடுத்து. அன்றைக்கு அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி மந்தைவெளி வீட்டுக்கு நடந்தே போனேன். தலை நிமிரவில்லை.

வீட்டில் அப்பா இல்லாமலும் இல்லை. ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்தது. அவர் பங்குச் சர்க்கரை மாசா மாசம் வந்து எங்கள் காபியில் கரைந்தது. நவராத்திரிக்கு அம்மா போகிற வீடுகளில் குங்குமச் சிமிழை நீட்டும் கை அம்மாவுக்கு எதிரில் ஒரு கணம் நிற்கும். பிறகு நீளும். அம்மா அந்தக் கணத்தைப் பார்க்காதவள் மாதிரி எடுத்து இட்டுக்கொள்வாள். மாமிகள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் எந்த வாசலில் நுழைவது என்று தெரியவில்லை.

அந்தத் தை மாசம், சித்தப்பா எங்கள் வீட்டு வாத்யாரை அழைத்துக்கொண்டு வந்தார். வைதிக காரியங்களெல்லாம் அவர்தான் செய்துவைப்பார்.

“மன்னி, அமாவாசையோட பன்னண்டு வருஷம் முடியறது” என்றார் சித்தப்பா. “அண்ணாவுக்குக் காரியம் பண்ணிடணும். தாகத்தோட அலையறான். எனக்குத் தெரியறது. நான் சொம்புல ஜலம் எடுத்தாலே கை நடுங்கறது.”

“ஆபீஸ்ல மணிக்கொரு காபி குடிக்கறே. கை நடுங்காம என்ன பண்ணும்” என்றாள் அம்மா. அவள் கல்யாணமாகி வந்தபோது சித்தப்பா அரை டிராயரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். இன்னமும் அதட்டுவாள்.

வாத்யார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “போன திக்கு தெரியாதவாளுக்குன்னு விதி இருக்கும்மா. தர்ப்பையும் புரச இலைக் காம்பும் வெச்சு ஒரு ரூபம் பண்ணி, அதுக்கு தகன சம்ஸ்காரம். அப்புறம் பத்து நாள் காரியம். புள்ளையாண்டான் கையாலதான் நடக்கணும்.” என்னைப் பார்த்தார்.

பத்தாம் நாள் அம்மாவின் நெற்றி என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சித்தப்பா காலி டம்ளரை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது அண்ணாவின் தாகம் தீரவேண்டும். அது தீர அம்மா வெறும் நெற்றியாக வேண்டும். நடுவில் அம்பைப் போடவேண்டியவன் நான்.

பயந்திருக்கவேண்டும். ஆனால் என் புத்தி வேறெங்கோ ஓடிவிட்டது. “மாமா, திதி தெரியாதே?” என்று வாத்யாரைக் கேட்டேன்.

“தெரியலேன்னா அமாவாசை.”

“சிலபேருக்குக் கோத்ரமே தெரியாதே?”

“தெரியாதவாளுக்குக் காச்யபம்.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு காலி இடத்துக்கும் ஒரு மாற்று. முதலில் குறிப்பான விதி, அது பொருந்தாவிட்டால் அடுத்தது, ஒன்றுமே பொருந்தாவிட்டால் எல்லாரையும் பிடிக்கிற கடைசி விதி. ராப்பகலாக நான் கட்டிக்கொண்டிருந்ததை இவர்கள் எப்போதோ கட்டி முடித்திருந்தார்கள். “பண்ணி முடிச்சப்புறம் அப்பா திரும்பி வந்துட்டா?” என்று கேட்டேன்.

“என்ன கேள்விடா இது” என்றார் சித்தப்பா.

“கேக்கட்டும். அதுக்கும் இருக்கு” என்றார் வாத்யார். “வந்தவரை நெய்யில ஸ்நானம் பண்ணிவெக்கணும். பொறந்த குழந்தைக்கு மாதிரி ஜாதகர்மத்துலேர்ந்து எல்லாம் மறுபடி. நாமகரணம், பூணல். அப்புறம் அதே பத்தினியை இன்னொருதரம் விவாகம் பண்ணிக்கணும்.”

அம்மா சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க. “மறுபடியுமா? அந்த மனுஷனையேவா?” சிரிப்பு அடங்கினதும் கேட்டாள். “அப்போ இது ஒரேயடியாப் போட்ட முடிச்சு இல்லை. அவிழ்க்கலாம்.”

“சாஸ்திரம் யாருக்கும் கதவைச் சாத்தறதில்லேம்மா.”

அம்மா தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “சரி, பண்ணுங்கோ. ஆனா நானும் வருவேன்.”

“பொம்மனாட்டிகள் அங்கெல்லாம்...”

“ரூபம் பண்ணப்போறேளோன்னோ. யாரோட ரூபம்னு நான் பாக்க வேண்டாமா?”

அன்று சாயங்காலம் போன் மணி அடித்தது. எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள். அப்படிப்பட்ட அழைப்புகள் அந்தக் காலத்தில் எல்லா வீட்டுக்கும் வரும். மற்ற வீடுகளில் திட்டிவிட்டு வைப்பார்கள். அம்மா வைக்கமாட்டாள். எதிர்ப்பக்கம் வைக்கும் வரை ரிசீவரைக் காதோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள்.

“யாரும்மா?”

“யாரும் இல்லை” என்று வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.

மறுநாள் நண்பனிடம் சொன்னேன். அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, இருப்பவர் அம்பு இறந்தவர், இறந்தவர் அம்பு இருப்பவர் என்று இரண்டே விதி எழுதி, மாற்றம் நிற்கும் வரை மாற்றிக்கொண்டே இரு என்று விட்டான். திரை உறைந்தது. கர்சர் மட்டும் துடித்தது.

“போறதுக்கு ஒரு ரூலு, வர்றதுக்கு ஒரு ரூலு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா நிக்கவே நிக்காது மச்சி.” பிறகு வேறு குரலில் சொன்னான். “எங்க பெரிப்பா கடலுக்குப் போனாரு. கட்டுமரம் மட்டும் வந்துச்சு. பெரிம்மா தெனம் கூடைய எடுத்துக்கினு கரைக்கு வரும். மீன் வாங்காது, சும்மா நிக்கும். யாரும் ஒண்ணியும் கேக்க மாட்டாங்க.”

“உங்க சர்ச்ல பூசை வைக்கலையா?”

“வெச்சாங்க. பெரிம்மா வரல.” கடைசியில் ப்ரோக்ராமே களைத்துப்போய், இதற்குமேல் மாற்ற முடியாது என்று நிறுத்திக்கொண்டது. எந்தப் பக்கத்தில் நிறுத்தியது என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. அவன் திரையை அழித்துவிட்டான்.

அமாவாசையன்று காலை, குப்பத்தைத் தாண்டி, அடையாறு கடலில் கலக்கிற இடத்துக்குப் போனோம். வாத்யார் முன்பே வந்து மணலில் இடம் சுத்தம் செய்திருந்தார். ரூபத்துக்குச் சாஸ்திரத்தில் அளவு இருந்தது. தலைக்கு இத்தனை காம்பு, கழுத்துக்கு இத்தனை, மார்புக்கு, கைக்கு, தொடைக்கு இத்தனை என்று எண்ணி எண்ணி வைத்தார். காணாமல் போன எல்லா மனிதருக்கும் ஒரே கணக்கு. நூலால் கட்டி, தர்ப்பையைப் பரப்பி முடித்தபோது ஒரு மனுஷன் கிடந்தான். யாராக வேண்டுமானாலும் இருக்கக்கூடிய மனுஷன்.

அம்மா அரக்குப் புடவையும் நெற்றி நிறையக் குங்குமமுமாக, கொஞ்சம் தள்ளி நின்றிருந்தாள். கிட்டே வந்து பார்த்தாள்.

“இது அவர் இல்லை.”

“அம்மா, இது ஒரு பாவனைதான்” என்றார் வாத்யார்.

“அவர் இதைவிட உயரம்.”

வாத்யார் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா மணலைப் பார்த்தார். “கணக்கு மீறப்படாதும்மா” என்றார் வாத்யார்.

“அவர் எந்தக் கணக்குக்குள்ள இருந்தார்?”

வாத்யார் இன்னும் கொஞ்சம் தர்ப்பையை எடுத்து ரூபத்தின் கால்களை நீட்டினார். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். “இடது தோள் இறங்கியிருக்கும்” என்றாள்.

எனக்கு அது தெரியாது. பேப்பர் விளம்பரத்தில் அது இல்லை. சித்தப்பாதான் பேசினார். “ஆமாம். சின்ன வயசுல மதில்லேர்ந்து விழுந்தோம். என்னைத் தாங்கிப் பிடிச்சுண்டு அவன் கீழ விழுந்தான்.” அப்படியே மண்டியிட்டு, கட்டின நூலைத் தளர்த்தி, இடது தோளைக் கீழே இழுத்து வைத்தார்.

“கழுத்தை முன்னால நீட்டிண்டு நடப்பார். யாரோ கூப்பிட்டாப்பல.”

சித்தப்பா கழுத்தை நீட்டினார்.

“வலது பாதம் வெளிப்பக்கமாத் திரும்பியிருக்கும். செருப்பு அந்தப் பக்கம்தான் தேயும்.”

அவள் குரலில் கோபமில்லை, பிடிவாதமில்லை. தையல்காரரிடம் அளவு சொல்கிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். சித்தப்பாவின் விரல்கள் அவள் சொல்லுக்கு முன்னாலேயே போகத் தொடங்கின. வயிற்றுக்கு மேலே ஒரு கையை மடக்கி வைத்தார். அம்மா அதைச் சொல்லவே இல்லை. ஆனால் தலையசைத்தாள். காற்று வந்து அந்தக் கையைத் தூக்கி மறுபடி வைத்தது. நான் அப்பாவை, அவர் போனதிலிருந்து முதல் தடவையாக, பார்த்தேன். மத்தியானத்தில் கூடத்தில் தூங்குகிற அப்பா.

இத்தனை வருஷம் நான் தெருத் தெருவாகத் தேடினது எவ்வளவு அகலமான வடிவத்தை என்று அங்கே நின்றபோது தெரிந்தது. என் வடிவத்துக்கு ஊரே பொருந்தியது. இவர்கள் இருவரும் மணலில் செய்த வடிவத்துக்குப் பொருந்துகிறவர் உலகத்தில் ஒருவர்தான். பொதுவான ஒரு மனுஷனை எரித்துவிடலாம். வாத்யார் கணக்கில் காம்பு எண்ணின போது என் கை தயாராகத்தான் இருந்தது. இப்போது வாத்யார் ஏற்றிக் கொடுத்த கொள்ளியைப் பிடித்திருந்த கை எனக்குச் சொந்தமாக இல்லை.

“ம், சொல்லு” என்றார் வாத்யார். “கோத்ரம். அப்புறம் பேர்.”

கோத்ரத்தைச் சொன்னேன். பெயருக்கு வாயைத் திறந்தேன்.

“வேண்டாம்டா” என்றார் சித்தப்பா. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கை அந்த ரூபத்தின் மார்பில் இருந்தது. “மன்னி, என்னால முடியலை.”

“ஏன், இப்பதான் சரியா இருக்கே.”

“அதான்.”

கடல் பக்கம் யாரோ வலையை உதறிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“தாகம்னு சொன்னியே.”

சித்தப்பா தலையாட்டினார்.

“தாகமா இருந்தா ஆத்துக்கு வரட்டும். ஜலம் வெச்சிருக்கேன்” என்றாள்.

நான் கொள்ளியை மணலில் குத்தி அணைத்தேன். ஆரம்பித்து நிறுத்தின சம்ஸ்காரத்துக்கு என்ன செய்வது என்று எங்கேயும் சொல்லவில்லை என்றார் வாத்யார். ரூபத்தை அப்படியே போட்டுவிட்டும் போகக்கூடாது. கடைசியில் அவராகவே நூலை அவிழ்த்து, காம்பு காம்பாகப் பிரித்து, முகத்துவாரத்துத் தண்ணீரில் விட்டார். முதலில் கால்கள், பிறகு கை, தோள். நாங்கள் மூவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். தட்சிணை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார்.

மந்தைவெளிக்கு ஆட்டோவில் வந்தோம். வாசல் கேட்டில் சித்தப்பா நின்றுவிட்டார். சாவுக் காரியத்திலிருந்து வருகிறவர்கள் குளிக்காமல் உள்ளே கால் வைக்கக்கூடாது. நாங்கள் அப்படித்தான் வருகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“மன்னி, குளிக்கணுமா?”

அம்மா சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினாள். “உனக்கு மனசு அப்படி இருந்தா குளி. எனக்கு யாரும் போகலை.” மணல் ஒட்டின காலோடு உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது.

சித்தப்பா பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக் குழாய்க்குப் போனார். வாளி வாளியாக ஊற்றிக்கொள்ளும் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டிருந்தது, நடுவில் தண்ணீர் அல்லாத ஒரு சத்தமும்.

நான் வாசற்படியில் உட்கார்ந்தேன். அம்மா உள்ளேயிருந்து இலை போட்டாச்சு என்று கூப்பிட்டாள். சித்தப்பா கொல்லையிலிருந்து, குளிக்க வரயாடா என்று கூப்பிட்டார். இரண்டு குரலுக்கும், இதோ வரேன் என்றேன். வெயில் படியில் ஏறி முழங்காலுக்கு வந்தது. எந்தப் பக்கம் எழுந்து போவது என்று எனக்குத் தெரியவில்லை.